சுட்ட மண்ணில் ஒரு கிருமி

“இன்னும் ஐந்தே ஆண்டுகளில் உலகத்தில் காய்ச்சல் என்று ஒன்று இருக்காது. அப்படியும் எங்கேயாவது ஒன்றிரண்டு மிஞ்சினால், அதற்கான மருந்து திருவண்ணாமலையிலிருந்து தபாலில் போகும்.”

இதை டாக்டர் ராஜேந்திரன் சிரிக்காமல் சொன்னார். எழுபத்தெட்டாம் வருஷம் ஏப்ரல் பதினான்காம் தேதி, வேங்கிக்கால் ஏரிக்கரை ஓரமாக வாடகைக்குப் பிடித்த ஒரு மாடி வீட்டில், மண்நுண்ணுயிர் மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டராகப் பொறுப்பேற்றுச் சொன்னார். கைதட்டியவர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் நிலையத்தின் ஊழியர்கள். பத்தாமவர் வீட்டுக்காரர். பதினோராமவர் மைக்செட்காரர், அவருக்கு வாடகை பாக்கி இருந்தது.

ஒன்பது ஊழியர்களில் ஒன்பதாவது ஆள் தருமன். அடி அண்ணாமலைக்காரன், எட்டாவது வரை படித்தவன், தினக்கூலி. மலைக்குப் போய் மண் எடுத்துவருவது அவன் வேலை. ஐந்து வருஷம் விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரமாக்கி உத்தரவு கொடுப்பார்கள் என்றார்கள். ஆனால் பெண் கேட்கப் போன இடத்தில் தருமன் அந்த ஐந்து வருஷத்தை முன்கூட்டியே முடித்துவிட்டான். “கவர்மெண்டு வேலை, பர்மனென்ட்டு” என்று சொல்லித்தான் சரோஜாவைக் கட்டினான். மாமனார் முருகையன் செங்கத்திலிருந்து வரும்போதெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்பார்.

“அந்த ஆர்டரை ஒரு தபா கண்ணால காட்டுங்க மாப்ளே. நான் இன்னா படிக்கவா போறேன். தொட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

“ஆபீஸ்ல கீது மாமா. மருந்து ரகசியம்லாம் அதுல எழுதிக்கிறாங்க. வெளிய எடுத்தாரக் கூடாது.”

மருந்து ரகசியத்தை மதிக்கத் தெரிந்த மனிதர் முருகையன். ஒவ்வொரு முறையும் சரி என்று தலையாட்டினார். ஒவ்வொரு முறையும் கேட்டார்.

நிலையத்தின் வேலை என்னவென்று டைரக்டரே ஒருநாள் தருமனுக்கு விளக்கினார். ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடமும் தீனியும் பற்றாக்குறை. ஆகவே சில கிருமிகள் விஷம் கக்கிப் பக்கத்துக் கிருமிகளைக் கொல்கின்றன. அந்த விஷத்தைப் பிடித்து ஊசியில் ஏற்றினால் மனிதனுக்கு அது மருந்து.

“அப்ப பங்காளிங்கன்னு சொல்லுங்க” என்றான் தருமன். ஐந்து வருஷத்தில் அந்த நிலையத்தில் யாரும் இதைவிடத் தெளிவாக விஷயத்தைச் சொன்னதில்லை.

மாடியில் நின்றால் மலையும் தெரியும், கோபுரமும் தெரியும். டைரக்டர் தம் நாற்காலியை இரண்டுக்கும் முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊருக்குள் கூட்டம் போவதைப் பார்த்தால் அவருக்கு ஒரு பிரசங்கம் வரும்.

“கல்லு முன்னாடி போய் நிக்கறான். பேரு சொல்றான், ராசி சொல்றான், நட்சத்திரம் சொல்றான், வேலை குடுங்கறான். கல்லுக்குக் காது எங்கய்யா கீது? அறிவியல்ல இந்தச் சடங்கு, சாங்கியம் எதுவும் கிடையாது.”

இதைச் சொல்லிவிட்டு அவர் தினசரி நடைமுறையைத் தொடங்குவார். வாசலில் செருப்பை விடவேண்டும். கால் கழுவ வேண்டும். வெள்ளை அங்கி போடவேண்டும். விபூதி கிருமிகளுக்கு ஆகாது என்பதால் நெற்றியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தட்டுகளில் கடல்பாசிக் கூழ் ஊற்றி, அதில் மண்ணைக் கரைத்துத் தடவி, உள் அறையில் வைப்பார்கள். உள் அறைக்குள் டைரக்டர் மட்டுமே போகலாம். மற்றவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று பார்க்கலாம். காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் கதவு திறக்கப்படும். அதற்கு முன் மணி அடிக்கப்படும். மணி அடித்ததும் யாரும் பேசக் கூடாது, தும்மக் கூடாது. மற்ற நேரங்களில் கிருமிகள் ஓய்வெடுத்தன.

இவ்வளவு செய்தும் கிருமி வரவில்லை. காரணம் விதி பதினான்கு.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கையேட்டில் பதினான்காவது விதி இப்படி இருந்தது: ‘ஆய்வகத்துக்குள் வரும் அனைத்துப் பொருள்களும் சூட்டுப்பெட்டியில் நூற்றறுபது டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடப்பட்டுக் கிருமி நீக்கப்படல் வேண்டும்.’ கண்ணாடிச் சாமான்களை மனத்தில் வைத்து யாரோ எழுதியது. ஆனால் ‘அனைத்து’ என்று எழுதியிருந்தது. ஹெட்கிளார்க் நசீருதீன் முப்பது வருஷ அனுபவஸ்தர். மண் பொருளா இல்லையா என்று கேட்டுச் சென்னைக்கு எழுதினார். எட்டு மாதம் கழித்து ‘விதிப்படி செயல்படவும்’ என்று பதில் வந்தது. அன்றிலிருந்து தருமன் கொண்டுவரும் மண் முதலில் சூட்டுப்பெட்டிக்குள் போய், செங்கல் நிறத்தில் வெளியே வந்து, ‘சுட்டாயிற்று’ என்று பதிவேட்டில் கையெழுத்தான பிறகுதான் உள்ளே போனது.

தருமன் ஒரே ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

“ஐயா, புழுக்கின நெல்லு முளைக்காதுங்களே.”

“அதுக்கு?”

“இல்ல, மண்ணை இந்தக் காட்டு காட்டுறமே, அதுல எதுனா உயிரோட இருக்குமான்னு...”

“நீ எதுவரைக்கும் படிச்ச?”

“எட்டாவதுங்க.”

“அப்ப எட்டாவது வரைக்கும் கேள்வி கேளு. சுடாம உள்ள எடுத்தா கிருமி உள்ள வந்துடாதா? இது ஆராய்ச்சி நிலையம்யா.”

நான்கரை வருஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு இடத்து மண் சுடப்பட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு தட்டுகளும் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. வேறு ஆளாக இருந்தால் சோர்ந்துபோயிருப்பார். டைரக்டர் அதையே ஒரு கண்டுபிடிப்பாக்கி, சென்னையில் நடந்த மாநாட்டில் கட்டுரை வாசித்தார்.

“திருவண்ணாமலை மண்ணில் நுண்ணுயிர்களே இல்லை என்பதை ஆதாரத்துடன் நிறுவியிருக்கிறோம். உலகின் எந்த ஆய்வகமும் இவ்வளவு தூய்மையான மண்ணைக் கண்டதில்லை. எங்களைப் போல் மண்ணைக் கையாளவும் எந்த ஆய்வகத்துக்கும் தெரியாது.”

கடைசி வாக்கியம் முழு உண்மை.

ஊரில் நல்ல பெயர். நகரத்துப் பிரமுகர்கள் சால்வை போர்த்தினார்கள். தேரடித் தெருவில் ஒருவர் அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி ‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதி விற்க ஆரம்பித்தார். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் நான்கு பொட்டலம் வாங்கிப் பல் துலக்கினார்.

டெல்லியிலிருந்தும் பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தார்கள். எண்பத்துமூன்று ஜனவரியில் ஐந்து வரியில் கடிதம் வந்தது. மண்ணில் கிருமியே இல்லை என்பது நிரூபணமாகிவிட்டதால், கிருமியைத் தேடும் நிலையம் தேவையில்லை. மார்ச் முப்பத்தொன்றோடு மூடப்படும். அதற்குள் மருந்து தரக்கூடிய ஒரு கிருமியையாவது காட்டினால் மறுபரிசீலனை செய்ய மூவர் கமிட்டி வரும்.

தருமன் நாளைக் கணக்குப் போட்டான். ஐந்து வருஷம் முடிய ஏப்ரல் பதினான்கு ஆகும். பதினான்கே நாள் கம்மி.

“நசீர் பாய், இன்னா பாய் இப்பிடி ஆயிடுச்சு? எங்க மாமனாருக்கு இன்னா பதில் சொல்றது?”

“இப்போதைக்கு ரகசியம் ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு சொல்லு தம்பி” என்றார் நசீருதீன்.

டைரக்டர் அன்றைக்கே ஊழியர்களைக் கூட்டினார். நான்கரை வருஷம் தூய்மையைப் பற்றிப் பேசிய குரல் இப்போது கம்மியிருந்தது. “எங்கயாவது ஒரு கிருமி பிடிச்சுக் குடுங்கய்யா. ஒண்ணே ஒண்ணு போதும்.”

ஆனால் விதி பதினான்கு அப்படியே இருந்தது. கிருமி வேண்டும் என்றுதான் அவர் சொன்னாரே தவிர, சுட வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் தருமனுக்குக் காலில் முள் குத்திப் பழுத்திருந்தது. மலை ஏற முடியவில்லை. வீட்டுப் பின்னால் எருமை கட்டுகிற இடத்தில் ஒரு கை மண்ணை வாரிப் பையில் போட்டான். சீட்டில் வழக்கம்போல் ‘மலை, கிழக்குச் சரிவு, சுனைக்கு மேலே நூறடி’ என்று எழுதினான். எப்படியும் சுடத்தானே போகிறார்கள், சுட்டபின் மண்ணுக்கு ஊர் ஏது? நிலையத்துக்கு வந்தால் கரண்டு இல்லை. பெட்டிக்குள் வைத்தான், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், கரண்டு வரவில்லை, எடுத்தான். நாலு மணிக்குப் பதிவேடு மேலே போகவேண்டும். ‘சுட்டாயிற்று’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ஏழாம் நாள் காலை மணி அடித்தது. கதவு திறந்தது. டைரக்டர் உள்ளே போனார். உடனே வெளியே வந்து, இன்னொரு முறை மணியை அவரே அடித்தார்.

மண்ணோடு வந்த, புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஒருவகைக் கிருமி தட்டு முழுக்க மஞ்சளாகப் பரவியிருந்தது. அதன் நடுவில் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றி எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் மஞ்சள் கிருமி ஒன்றுகூட இல்லை. தட்டிலிருந்து மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது.

“பங்காளி ஒருத்தனையும் கிட்ட சேக்கல பாருங்க” என்றான் தருமன். யாரும் அவனை அதட்டவில்லை. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் ராஜேந்திரென்சிஸ்’ என்று பெயர் வைத்தார். மலையின் பெயரை வைக்கலாமே என்று ஒரு ஆய்வாளர் சொன்னபோது, மலைக்கு ஏற்கெனவே போதுமான விளம்பரம் இருப்பதாகச் சொன்னார்.

அடுத்து அதைக் கணக்கில் சேர்க்கவேண்டும். உயிருள்ள அரசு உடைமையைப் பதிய நசீருதீனிடம் ஒரே ஒரு படிவம்தான் இருந்தது, இலாகா வண்டிமாடுகளுக்கானது. அதையே நிரப்பினார். கொம்பு: இல்லை. நிறம்: வெள்ளை. சுழி: ஒன்று, வட்டமானது. நடத்தை: பிறவற்றோடு சேராது. பிறந்த இடம்: மலை, கிழக்குச் சரிவு, சுனைக்கு மேலே நூறடி.

கமிட்டிக்குத் தந்தி போனது. கமிட்டியும் தந்தியில் பதில் சொன்னது: வருகிறோம். அதே இடத்தில், எங்கள் கண் முன்னால், மறுபடி மண் எடுத்து, அதே கிருமியை வளர்த்துக் காட்டவேண்டும்.

தருமன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நசீருதீனை மாமரத்தடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னான். எருமையைச் சொன்னான், கரண்டைச் சொன்னான், கையெழுத்தைச் சொன்னான்.

“டைரக்டர்கிட்ட சொல்லிடட்டுமா பாய்? எங்க ஊட்டாண்ட வந்து எடுத்துக்கட்டும். எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கட்டும்.”

“எப்படி எடுப்பாங்க? இடம் பைல்ல ஏறிடுச்சு. சுனைக்கு மேலே நூறடி. டெல்லிக்குப் போயிடுச்சு.”

“பைலை மாத்த முடியாதா?”

நசீருதீன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “தம்பி, பைலை மாத்தறதுன்னா டெல்லி சம்மதிக்கணும், சென்னை சம்மதிக்கணும். மண்ணை மாத்தறதுக்கு நீ ஒருத்தன் சம்மதிச்சாப் போதும்.”

மறுநாள் விடிகாலை தருமன் எருமையை அவிழ்த்துப் பக்கத்தில் கட்டிவிட்டு, அது நின்ற இடத்தைக் கொத்திச் சாக்கில் வாரினான். சரோஜா சாணி வாரும் கூடையோடு வந்து நின்றாள்.

“இன்னா பண்ற?”

“ஆபீஸ் வேலை.”

“மாட்டு மூத்தர மண்ணு ஆபீசுக்கா?”

“ஆபீசுக்கு இல்ல. மலைமேல கொட்டணும்.”

சரோஜா மலையைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “அஞ்சு வருசமா மலைலேர்ந்து மண்ணு கொண்டாந்த. இப்ப இங்கேர்ந்து மலைக்குக் கொண்டு போறியா? வாங்கின கடனா அது?”

வேறு வழியில்லாமல் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னான். ஆர்டர் என்று ஒன்று இன்னும் இல்லவே இல்லை என்பதையும் சொன்னான்.

அவள் சாணிக் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு இன்னொரு சாக்கைக் கொண்டுவந்து வாயை விரித்துப் பிடித்தாள். “எங்கப்பனுக்குத் தெரிஞ்சா உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வந்து உக்காந்துகினு என்னைத்தான் பாவமா பாத்துகினே இருப்பாரு. அதை நான் தாங்க மாட்டேன். வாரு.”

நான்கு நாளில் பதினோரு சாக்கு மலையேறியது. எதிரே இறங்கிவந்த சாமியார் ஒருவர் இது என்ன வேண்டுதல் என்று கேட்டார். “மண் சுமக்கறேன்னு வேண்டிக்கினேன் சாமி” என்றான் தருமன். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் மண் சுமந்தார்கள்.

மார்ச் நடுவில் கமிட்டி வந்தது. மூவரும் வழியில் ஏழு இடத்தில் உட்கார்ந்து, சுனைக்கு மேலே நூறடி வந்து சேர்ந்தார்கள். தலைவர் மூச்சு வாங்கியபடி காற்றை முகர்ந்தார். இவ்வளவு உயரத்தில் மாட்டுக்கொட்டகை வாசனை வருகிறதே என்று கேட்டார்.

டைரக்டர் தயங்கவே இல்லை. “அதுதான் இந்த மலையின் தனித்தன்மை. ஆறு வருடமாக இந்த வாசனையைப் பற்றித்தான் தனியாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.” நிலையம் திறந்தே இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லை. தலைவர் அதையும் குறித்துக்கொண்டார்.

மண்ணை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோதுதான் தருமனுக்கு உறைத்தது. விதி பதினான்கு. இன்றைக்குக் கரண்டு இருந்தது. ஐந்து வருஷத்தில் இல்லாத அளவுக்கு வெளிச்சமாக இருந்தது. கமிட்டி எதிரில் சூட்டுப்பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. தருமன் மண்ணைப் பெட்டிக்குள் வைத்தான். கதவைச் சாத்தினான். பின்பக்கம் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

விளக்கு அணைந்தது. தலைவர் திரும்பி, இப்படியே எடுத்தால் மண் விதிப்படி சுட்டதாகுமா என்று கேட்டார்.

நசீருதீன் எழுந்து நின்றார். “பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் வைக்கவேண்டியது நம் பொறுப்பு. வைக்கிறோம். பெட்டிக்குள் சூடு இருந்ததா என்பது மின்வாரியத்தைச் சேர்ந்த விஷயம். அவர்களுக்கு எழுதிக் கேட்கிறோம்.”

கமிட்டிக்கு மிகுந்த திருப்தி. நல்ல நிர்வாகம் என்று மூவரும் ஒருமனதாக எழுதினார்கள். தட்டுகளுக்குத் தலைவரே அரக்கு முத்திரை வைத்தார். எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு உடைப்பதென்று முடிவாயிற்று. இடையில் சாத்தனூர் அணை, செஞ்சிக் கோட்டை முதலிய, ஆராய்ச்சிக்குத் தொடர்புள்ள இடங்களைக் கமிட்டி பார்வையிட்டது.

எட்டாம் நாள் காலை தருமன் கோயிலுக்குப் போனான். முளைத்திருக்குமா, முளைத்திருக்காதா என்று படுக்கையில் புரண்டு புரண்டு முதுகு வலித்தது. அரக்கு வைத்த தட்டை மனிதன் யாரும் பார்க்க முடியாது. பார்க்கக்கூடியவர் ஒருத்தர்தான். மாலை வாங்கிச் சாத்த வசதியில்லை. ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு அர்ச்சனை வரிசையில் நின்றான்.

அவனுக்கு முன்னால் நின்றவர் தலையில் துண்டைப் போட்டு முக்கால் முகத்தை மூடியிருந்தார். வேட்டி புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, கதம்பம் எல்லாம் குறையில்லாமல் இருந்தன. குருக்கள் தட்டை வாங்கினார்.

“யார் பேருக்கு?”

துண்டு இடமும் வலமும் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது. “ராஜேந்திரென்சிஸ்.”

தருமன் குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டான்.

“ரமணாசிரமம் பக்கமா?” என்றார் குருக்கள். “அங்கேர்ந்துதான் இந்த மாதிரிப் பேரெல்லாம் வரது. கோத்திரம்?”

“ஸ்ட்ரெப்டோமைசிஸ்.”

“கேட்ட ரிஷியா இல்லையே. சிவகோத்திரம்னு சொல்லிடறேன். நட்சத்திரம்?”

டைரக்டர் இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். யாரோ பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். “அனுஷம். விருச்சிக ராசி.”

“குழந்தையோ?”

“மாசம் ஒண்ணுதான் ஆவுது. இன்னிக்குப் பத்து மணிக்கு அதே மாதிரி இன்னொண்ணு பொறக்கணும்.”

“ரெட்டைன்னா ரொம்ப இடைவெளி விட்டுடுத்தே” என்று குருக்கள் கவலைப்பட்டார். “போகட்டும், அவன் பாத்துப்பான். எந்த ஊர்?”

“மலைமேல. கிழக்குச் சரிவு. சுனைக்கு மேலே நூறடி.”

தருமன் வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தான். பைலுக்கு எந்த முகவரியும் ஆகும். பைல் எங்கேயும் நடந்து போகப்போவதில்லை. இது அப்படியா? அர்ச்சனை சுனைக்கு மேலே நூறடி போய், அங்கே யாரும் இல்லாமல் தேடிக்கொண்டு நிற்கும். இங்கே பத்து மணி அடித்துவிடும். சரோஜா, முருகையன், ஏப்ரல் பதினான்கு எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன.

“அடி அண்ணாமலை, சாமி” என்று அவன் வாய் முந்திக்கொண்டது. “எருமை கட்டற எடம்.”

துண்டு திரும்பியது. டைரக்டரும் தருமனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டைரக்டரின் யோசனை மலைக்குப் போய், அந்த மாட்டுக்கொட்டகை வாசனைக்குப் போய், தருமனின் தோளில் சாக்கு உராய்ந்த தழும்புக்கு வந்து நின்றது. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

“எது ஊர்னு சொல்லுங்கோ. நாழியாறது” என்றார் குருக்கள்.

டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். “அவன் சொல்றதையே சொல்லிடுங்க சாமி. பைல்ல மட்டும் மலைன்னு இருக்கட்டும்.”

குருக்கள் சொன்னார். மணி அடித்தது. யாரும் பேசவில்லை, யாரும் தும்மவில்லை. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட டைரக்டர், விபூதியை வாங்கி நெற்றி நிறையப் பூசினார். பிறகு தருமன் கையிலிருந்த தேங்காயை வாங்கித் தட்டில் வைத்தார்.

“உன் நட்சத்திரம் இன்னாய்யா?”

“பூசங்க. கடகம்.”

டைரக்டர் மூலஸ்தானத்தின் பக்கம் இன்னும் ஓர் அடி நகர்ந்து, கையைக் கூப்பிக்கொண்டு, கேட்கவேண்டியவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“பேரு தருமன். கடக ராசி, பூச நட்சத்திரம். வேலை பர்மனென்ட் ஆவணும்.”